ஆயுத பூஜையன்று நின்ற அப்டேட்

பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தில் ஏறியபோது வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தகடு இறக்கும் சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது. என் தோளில் ஒரு பை. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சோப்பு டப்பா, திருப்புளி செட், அவ்வளவுதான். வழியெல்லாம் கம்பெனி வாசல்களில் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. பைக்கில் போகிறவர்கள் வழுக்காமல் வளைத்து ஓட்டினார்கள். லாரிகளின் முகப்பில் நேற்றுக் கட்டிய வாழைக்கன்று அதற்குள் வாடித் தொங்கியது.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நடக்க நடக்க அதுதான் உறுத்தியது. துரத்தியிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாவது போயிருப்பேன்.

அந்த மார்க்கெட்டில் ஒரு எடைமேடை. லாரி சரக்கோடு ஏறி நிற்கும், எடை போடுவார்கள். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வந்தால் மறுபடியும் எடை போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இரும்பின் எடை. அடிக்கடி வருகிற லாரிகள் ஒவ்வொரு தடவையும் காலியாக வந்து நிற்க முடியாது. அதனால் அவற்றின் காலி எடையைக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்திருப்பார்கள். வண்டி நம்பரைத் தட்டினால் காலி எடை தானாக வரும். நூற்றுக்கணக்கான வண்டிகளின் எடை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மேடையின் உயிரே அந்தப் பட்டியல்தான்.

மேடை வண்ணாரப்பேட்டை பாய் ஒருவருடையது. நான் அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ராயபுரத்தில் வலை இழுத்தேன், எண்ணூரில் உப்பு மூட்டை தூக்கினேன், ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இரண்டு வருடம் கூட மாட இருந்தேன். அந்தக் கடையில்தான் சிஸ்டம் ஏற்றக் கற்றுக்கொண்டேன். படித்துக் கற்கவில்லை. மூன்றாவது திரையில் கீழே வலது பக்கப் பொத்தான், ஐந்தாவது திரையில் மேலே உள்ள வட்டம் என்று இடம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. பார்த்தாலும் பாதிதான் புரியும்.

பாயின் மேடைக் கம்ப்யூட்டர் திருட்டு சிஸ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வைரஸ் புகுந்து, எடைச்சீட்டில் தேதி தப்புத் தப்பாக விழும். அப்போது இலவசமாகத் தரும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று வந்திருந்தது. முதல் வெளியீடு. மெனுவெல்லாம் தமிழிலேயே வரும். அதைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வந்து, பாய் வாங்கிப் போட்ட வேறொரு பெட்டியில் ஏற்றிக் கொடுத்தேன். எடைச்சீட்டு புரோகிராம் எழுதியவர் வந்து பழைய பட்டியலை அதில் சேர்த்துவிட்டுப் போனார். தமிழில் மெனு வந்ததைப் பார்த்துப் பாய் என் தோளைத் தட்டினார்.

"நைனா, நீ இங்கயே கெட. மெஷினைப் பாத்துக்கோ. மத்த நேரத்துல மேடையைக் கூட்டி வுடு."

அன்றிலிருந்து அந்த மெஷினை என் மெஷின் என்றுதான் நினைத்தேன்.

சீட்டு போடுகிற பெண் நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து வந்தாள். ராயபுரத்தில் சர்ச் பக்கத்துத் தெரு. அப்பா ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். பன்னிரண்டாவது முடித்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் சில வருடம் வேலை செய்திருக்கிறாள். ஆபீஸ் மூடிவிட்டதால் இங்கே வந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. என்னைவிட இளையவள்.

முதல் வாரம் நான்தான் அவளுக்கு மெஷினைக் காட்டினேன். இரண்டாவது வாரம் அவள் என்னைக் கேட்டாள்.

"இந்தச் சிஸ்டத்தோட வந்த குறிப்பை நீ படிச்சியா?"

"இன்னா குறிப்பு?"

"இதுல இன்னா இன்னா பண்ண முடியாதுன்னு அவுங்களே போட்டுகீறாங்க பா. நெட்ல கீது."

ஒரு சிஸ்டத்தைச் செய்தவனே அதில் எதெல்லாம் ஆகாது என்று எழுதி வைப்பான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, பேனாவால் ஒவ்வொரு வரியாகக் காட்டிக் காட்டிப் படிப்பாள். புரிந்ததைத் தமிழில் நோட்டில் எழுதுவாள். உதடு லேசாக அசையும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. அந்த எழுத்துகள் அவளுக்கு எப்படி அவ்வளவு சுலபமாக வழிவிடுகின்றன என்பதுதான் எரிச்சல். அந்தச் சிஸ்டத்தைத் தேடிக் கொண்டுவந்தவன் நான். அதன் குறை நிறையெல்லாம் இப்போது அவள் நோட்டில் இருந்தது.

பிறகு சின்னச் சின்னதாக எல்லாம் மாறியது. முன்பு பிரிண்டர் மக்கர் செய்தால் பாய் என் பக்கம் திரும்பி, "இன்னாடா ஆச்சி இத்துக்கு?" என்பார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். அவளுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வந்தது. லாரி டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "யக்கா, சீக்கிரம் வுடு" என்று அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மாமு, தொடப்பத்தோட கீற? கம்ப்யூட்டர் எஞ்சினியருன்னு சொன்னாங்க."

"எஞ்சினியருக்கு இன்னிக்கு லீவு," என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். எல்லோரும் சிரித்தார்கள். எனக்காகப் பேசியதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். எனக்கு இரண்டு நாள் அது தொண்டையில் நின்றது.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்பு பாய் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"பின்னால இன்னொரு மேடை வருது. ரெண்டு மெஷினையும் ஒரே ஆளு பாத்துக்கணும். அந்த ஆளுக்கு எடுபிடி வேலை எதுவும் கெடையாது. மாடி ரூமும் அவுங்களுக்குத்தான், ஆபீஸா வச்சிக்கட்டும், தங்கட்டும், அவுங்க இஷ்டம். பூஜை முடியட்டும், யாருன்னு சொல்றேன்."

அப்போது நான் சடையங்குப்பத்தில் ஓர் ஓலைக் குடிசையில் ஒண்டிக்கொண்டிருந்தேன். மழை பிடித்தால் தண்ணீர் உள்ளே வரும். கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கிக்கொள்வோம். அது ஒரு விஷயமே இல்லை, எல்லோர் வீட்டிலும் வரும். மாடி ரூமுக்காக நான் ஏங்கவில்லை. அந்த நாற்காலி வேண்டும். ஜன்னலில் நீளும் தலைகள் என்னைத் தேட வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தது அங்கேதான்.

எங்கள் சிஸ்டத்தில் ஒரு தொல்லை இருந்தது. சீட்டின் கடைசி வரி, அதாவது நிகர எடை வருகிற வரி, பாதி அச்சாகி நின்றுவிடும். பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வெளியீட்டில் அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்று அவள் படித்துச் சொன்னாள். ஆனால் அந்த முதல் வெளியீட்டிலிருந்து அடுத்ததற்குப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முழுவதையும் நெட்டிலிருந்து இழுக்க வேண்டும்; போன் நெட்டில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். வயர் போட்டுத்தான் நெட் கொடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தவும் முடியாது, திரும்பிப் போகவும் வழி கிடையாது.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், கடைசி லாரி போன பிறகு அவள் அப்டேட்டைத் தொடங்கினாள். மறுநாள் மார்க்கெட்டே லீவு, அதனால் அதுதான் சரியான சமயம். அவள் போனை வயர் போட்டு மெஷினோடு கட்டினாள். வாசலில் நின்ற லோடுமேன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா யக்கா, கம்ப்யூட்டருக்குப் போனை சீதனமா குடுத்துட்டியா?"

"ஒரு நாளைக்குத்தான். நாளானிக்குத் திருப்பி வாங்கிடுவேன்."

கிளம்பும்போது என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு நீ இங்கதான இருப்ப? மெயின் சுவிட்சுல மட்டும் யாரையும் கை வைக்க வுடாத. இத்து ராவு வரைக்கும் ஓடும். நடுவுல நின்னுச்சின்னா பழசும் இருக்காது, புதுசும் இருக்காது."

"சரி."

"போனு வேற இங்க கீது. என்னைக் கூப்பிடவும் முடியாது. உன்னை நம்பித்தான் போறேன்."

"சரின்னேனே."

பூஜை சாமான் எல்லாம் வருடா வருடம் பாய்தான் வாங்கித் தருவார். பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய், லோடுமேன்களுக்குப் புதுத் துண்டு. பூஜை நேரத்தில் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். முடிந்ததும் பொரியை வாங்கி முதல் ஆளாகச் சாப்பிடுவார். பூஜையை நடத்துவது லோடுமேன் மேஸ்திரி. அவருக்கு ஒரு கணக்கு உண்டு. வருடம் முழுக்க உழைத்த எதுவும் அன்றைக்கு ஓடக் கூடாது. கிரேன், கட்டிங் மெஷின், தராசு, மின்விசிறி கூட நிற்க வேண்டும். மெயினை இறக்கிவிட்டு அதற்கும் சந்தனம் வைத்த பிறகுதான் கற்பூரம்.

பூஜையன்று மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தோடு மேடை ரூமுக்குள் வந்தார். திரையில் ஒரு நீலக் கோடு பாதி தூரம் போயிருந்தது. பக்கத்தில் அவள் போன் மினுக் மினுக்கென்று விட்டு விட்டு எரிந்தது.

"இன்னா இது மட்டும் முழிச்சிகினு கீது?"

நான் திரையைப் பார்த்தபடி நின்றேன்.

"மெயினை எறக்கட்டா? உன் மெஷினு, நீ சொல்லு மாமு."

உன் மெஷின் என்றார். எத்தனையோ நாளாக யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரே வார்த்தை போதும், அது ஓடட்டும் என்று சொன்னால் மேஸ்திரி கேட்டிருப்பார். முரட்டு ஆள், ஆனால் சொன்னால் கேட்கிறவர். நான் சொன்னது இதுதான்:

"பூஜைக்கு எல்லாம் தூங்கணும்னா தூங்கித்தான் ஆவணும்."

அவர் மெயினை இறக்கினார். யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. திரை அடங்கியது. திரையின் நடுவில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார். நான் கைகூப்பி நின்றேன். உள்ளுக்குள் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. எது அதிகம் என்று இப்போது கேட்டால் சந்தோஷம்தான்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் சீட்டு போட வேண்டும் என்று காலையிலேயே ஒரு லாரியை அலங்கரித்து மேடையில் ஏற்றியிருந்தார்கள். பாய் வந்து உட்கார்ந்தார். நான் மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக நான்கு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

"இன்னா நைனா, பூஜை போட்ட கையோட படுத்துகிச்சி?"

"அப்டேட்டு பாதில போயிடுச்சி பாய். அந்தம்மா போட்டது. நான் சரி பண்ணிடறேன்."

பென் டிரைவ் என் சட்டைப் பையில் தயாராக இருந்தது. காலையில் கிளம்பும்போதே எடுத்து வைத்திருந்தேன். அதைச் சொருகி மறுபடியும் முதல் வெளியீட்டை ஏற்ற ஆரம்பித்தேன். பாய், மேஸ்திரி, இரண்டு டிரைவர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். கை வேகமாக ஓடியது. அன்றைக்கு இருந்த கம்பீரம் அதற்கு முன்பும் பின்பும் எனக்கு வந்ததில்லை.

நான் பழகிய திருட்டு சிஸ்டங்களில் ஒரு வசதி உண்டு. டிஸ்க்கின் ஒரு பாகத்தில் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினாலும் இன்னொரு பாகத்தில் இருக்கிற ஃபைல்கள் அப்படியே இருக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். இந்த முதல் வெளியீட்டுக்கு அந்தப் பாகம் பிரிக்கிற வேலையெல்லாம் தெரியாது. ஏற்றினால் டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் ஏறும். முதல் தடவை நான் ஏற்றியது காலிப் பெட்டி என்பதால் அது எனக்குத் தெரியவே இல்லை. மெனுதான் தமிழில் வருமே தவிர, ஏற்றும்போது வருகிற திரைகள் எல்லாம் அந்த வெளியீட்டில் இங்கிலீஷ்தான். சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. கீழே வலது பக்கப் பொத்தானை அழுத்தினேன்.

அரை மணி நேரத்தில் தமிழ் மெனு வந்தது. மேஸ்திரி, "பரவால்ல மாமு," என்றார். எடைச்சீட்டு புரோகிராமைத் தேடினேன். இல்லை. காலி எடைப் பட்டியலைத் தேடினேன். எதுவும் இல்லை. பெட்டி கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது.

பாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெளியே லாரிகள் சேர ஆரம்பித்திருந்தன.

"எல்லா வண்டியும் மறுபடி காலியா வந்து நிக்கணுமா நைனா? எந்த டிரைவர் வருவான்? எதிர் மேடைக்குப் போயிடுவானே."

அப்போதுதான் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். திரையைப் பார்த்தாள், திரையில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

"மெயினை யாரு எறக்கினது?"

"நான்தாம்மா," என்றார் மேஸ்திரி. "பூஜைக்கு எல்லாம் தூங்கணும்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பிரிண்டரில் பேப்பரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். என்னிடம் எச்சரித்துவிட்டுப் போனதை இப்போது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் பையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள்.

"அப்டேட் போடறதுக்கு முன்ன எல்லாத்தையும் இதுல எடுத்து வச்சிட்டேன் பாய். நடுவுல நின்னா டிஸ்க்கைத் தொடச்சிட்டுத்தான் மறுபடி ஏத்தணும்னு அவுங்களே போட்டுகீறாங்க. மெயினு போனா இன்னா பண்றதுன்னு ஒரு பயம் இருந்துச்சி."

புரோகிராம் எழுதியவரைத் தன் போனில் கூப்பிட்டுக் கேட்டுக் கேட்டு, அவளே அதைத் திரும்பப் போட்டாள். மதியத்துக்குள் பட்டியல் வந்துவிட்டது. ஒரு வண்டியும் விடுபடவில்லை. அலங்கரித்த லாரிக்கு முதல் சீட்டு விழுந்தது. கடைசி வரி வழக்கம் போலப் பாதி அச்சானது; அவள் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இனிமே இது மேலயே அப்டேட் போட வேணாம் பாய். வேற டிஸ்க்குல புதுசா ஏத்தி, ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு மாத்திக்கலாம்."

"நீ சொல்றபடி பண்ணிக்கோ," என்றார் பாய். "ரெண்டு மேடையும் இனிமே உன் பொறுப்பு. மாடி சாவியும் வாங்கிக்கோ."

பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் இருந்துக்கோ நைனா. தப்பு எல்லாருக்கும் ஆவும். அந்தம்மா சொல்றதைக் கேட்டுகினு இரு."

அவள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நான் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போய்த் தனியாக நின்றேன். அங்கே வந்து, "ஏன் பா?" என்று மட்டும் கேட்டாள். நான் குழாயை விட்டு விலகி நின்றேன். அவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

காட்டிக் கொடுத்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு அங்கேயே கிடந்திருப்பேன். அவள் படிப்பின் மேல் பொறாமை, நாற்காலியின் மேல் பொறாமை, இப்போது அவள் வாயை மூடிக்கொண்டதன் மேலும் பொறாமை. அதுவும் எனக்கு வராது. யாரிடமும் சொல்லாமல் குடிசைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாலத்தைத் தாண்டித் திருவொற்றியூர் வந்து, நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினேன். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, மறுபக்கம் கருங்கல் கொட்டிய கரையில் கடல் அடித்தது. எர்ணாவூர் தாண்டியதும் கால் வலித்தது. ஒரு தள்ளுவண்டியில் பஜ்ஜி வாங்கித் தின்றேன். எண்ணூர் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். கொசுக்கடி. இதற்கு முன்னும் அங்கே படுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை நிலக்கரி யார்டு வாசலில் ஆள் எடுத்தார்கள். லோடு ஏற்றிய லாரிகளுக்கு மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிற வேலை. சூப்பர்வைசர் என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"காப்பு காய்ச்ச கை மாதிரி இல்லியே. இதுக்கு முன்ன இன்னா பண்ணிகினு இருந்த?"

"எடைமேடைல கம்ப்யூட்டர் பாத்துகினு இருந்தேன்."

"அந்த வேலையை ஏன் வுட்டுட்டு வந்த?"

"என்னைவிட நல்லாத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கீது அங்க."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை. அவர் ஒரு கயிற்றுச் சுருளை என் பக்கம் போட்டு, மூன்றாவது லாரியைக் காட்டினார். டயரில் கால் வைத்து மேலே ஏறினேன். வெயிலில் கரி அதற்குள் சூடேறியிருந்தது. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து எதிர்ப்பக்கத்து ஆளிடம் வீசினேன்.